என் வீட்டைப் பேய் பங்களா ஆக்கியவள்

அந்த நாவலில் நான் மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறேன். மேகம் இறங்கிக் கிடக்கும் மலையுச்சியில், தேயிலைத் தோட்டத்து வெள்ளை பங்களாவின் முன்னால், கறுப்புக் காரிலிருந்து இறங்கும் புதுப்பெண் நான்தான். கதவைத் திறந்துவிட ஆள் யாரும் இல்லை. ஆனாலும் கதவு திறக்கிறது.

உண்மையில் நான் வந்து இறங்கியது வாடகை வேனில். கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய சாதாரணமான ஒரு மாடி வீடு அது. வழியில் எனக்கு வாந்தி வந்து, உத்தமபாளையத்தில் வேனை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தேன். கதவைத் திறந்தது என் மாமியார். கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை.

நான் இரண்டாந்தாரம். சொந்த ஊர் கெங்குவார்பட்டி. அப்பாவின் சீக்கு, தம்பியின் படிப்பு என்று என் கல்யாணம் முப்பது வயதைத் தாண்டித் தள்ளிப்போயிருந்தது. என் கணவரின் முதல் மனைவி காய்ச்சலில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை. நல்ல மனிதர், குடிப்பழக்கம் கிடையாது, சொந்தத் தோட்டம் என்று பெண் கேட்டு வந்தவர்கள் சொன்னார்கள். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இறந்துபோனவரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

கூடத்தில் மாலை போட்ட படமாக மூத்தவர் இருந்தார். படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவில் அவருடைய புடவைகள் இருந்தன. அதைத் திறக்காதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. திற என்றும் சொல்லவில்லை. நான் என் துணிகளைக் கொண்டுவந்த பெட்டியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து மாமியார் ஒரு ஜோடி ஜிமிக்கியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"சும்மா பூட்டி வச்சு என்ன செய்யப் போறோம். போட்டுக்க ஆத்தா."

போட்டுக்கொண்டேன். கணவர் அதைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அன்று முழுக்க அந்த ஜிமிக்கி என் காதில் கனத்தது. ஆனால் மாமியார் தானாகவே கொடுத்ததைக் கழற்றவும் மனம் வரவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வேலை தேடினேன். தேனியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. தினமும் காலையில் கம்பத்தில் பஸ் ஏறுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சின்னமனூரில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கும். சொந்த ஊர் போடி, சின்னமனூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், தேனியில் ஒரு கல்லூரியில் நூலகத்தில் வேலை என்று பிறகு தெரிந்தது. அவள் முதலில் கேட்டது என் பெயரை அல்ல.

"ஜிமிக்கி நல்லாருக்கே. எங்க வாங்குனது?"

"மாமியார் குடுத்தாக."

"ஒனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள். சிரித்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவளுக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிக்க ஆரம்பித்தேன். அக்கா என்று கூப்பிட்டேன். கம்பத்தில் எனக்கென்று யாரும் கிடையாது. கணவரின் சொந்தங்கள், கணவரின் ஊர், கணவரின் கோயில். பேசிக்கொண்டே வருகிற அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட, என்னைப் பார்க்கும்போது எனக்குப் பின்னால் இன்னொருத்தரையும் சேர்த்துப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். இந்த ஒருத்திதான் என்னை மட்டும் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மூத்தவருக்குத் தெரியாத ஒரே ஆள், நானே சம்பாதித்துக்கொண்ட ஆள்.

அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவைப் பற்றிச் சொன்னேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும்போது கணவர் மூத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைச் சொன்னேன். ஜன்னல் சாத்தியிருக்கும் அறையில் சில நாள் யாரோ பவுடர் போட்டுவிட்டுப் போனது போல வாசம் வரும், அதைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே மாட்டாள். கேட்டுக்கொண்டே வருவாள். "அப்ப அவர் மொகம் எப்படி இருந்துச்சு?", "பெறகு அந்தப் பேரையே சொல்லலையா?" என்று இடையில் ஏதாவது கேட்பாள். என் மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வேறு ஒன்றும் சொன்னேன். மாமியாருக்கு அப்போது கண்ணில் புரை முற்றியிருந்தது, ஆபரேசன் ஆகவில்லை. நான் கொல்லையில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மூத்தவரின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள், "இந்தா வந்துட்டேன் அத்தை" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சாயங்காலம்வரை அந்தப் பெயருக்கே பதில் சொன்னேன். மாமியார் அன்றைக்குப் போல் சந்தோசமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இதைச் சொல்லி முடித்தபோது பஸ் வீரபாண்டி தாண்டிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அது பொய்யழுகை இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். யாருக்காக அழுதாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது.

இவ்வளவு நெருக்கத்திலும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. பொங்கலுக்கு அழைத்தேன், அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் என்றாள். சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்தேன், கல்லூரியில் வேலை என்றாள். இரண்டு பேரும் சுருளி அருவிக்குப் போனபோது, இங்கிருந்து வீடு பக்கம்தான், ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். தலை வலிக்கிறது என்று கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஒருநாள் போனை நீட்டினாள். "நான் ஒரு கதை எழுத ஆரம்பிச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிராத, புனைபேர்லதான் போடுறேன். படிச்சிட்டுச் சொல்லு."

தொடர்கதைகள் போடும் ஒரு ஆப் அது. வாரம் ஓர் அத்தியாயம். மலைமேல் ஒரு பங்களா, மனைவியை இழந்த எஸ்டேட் முதலாளி, அவரைக் கட்டிக்கொண்டு வரும் இரண்டாவது மனைவி. முதல் மனைவி பாறையிலிருந்து விழுந்து இறந்தவள். தள்ளிவிட்டது யார் என்று தெரியாது. மூடுபனி இறங்கும்போதெல்லாம் பங்களாவின் கண்ணாடிகளுக்குள் அவள் நடமாடுவாள். புருசன் கண்ணாடியில் கை வைத்தால் உள்ளே இருந்து அவளும் கை வைப்பாள். கண்ணாடி மட்டும் சூடாகும். இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு வருகிற இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பெருமையாக இருந்தது.

பீரோ வந்தது. கதையில் அது தேக்கு அலமாரி. நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "கதைக்கு வேணும்ல. ஒன் பேரா போட்டிருக்கேன்?" எனக்கும் சிரிப்பு வந்தது. என்னிடமிருந்தும் கதைக்கு எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட. பவுடர் வாசம் வந்தது, மல்லிகை வாசமாக. மதியத் தூக்கத்தில் பெயர் சொல்வதும் வந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, அந்தக் குழாயடி விசயத்த மட்டும் எழுதிராதீக."

"சீ. அதப் போய் எழுதுவேனா" என்றாள்.

மூன்று வாரத்தில் எழுதினாள். கண் தெரியாத மாமியார் கூப்பிடுகிறாள், இரண்டாவது மனைவி செத்தவளின் பெயருக்குப் பதில் சொல்கிறாள். ஆனால் கதையில் அவள் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. செத்தவளின் இடத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வதற்காகச் சொல்கிறாள். அதற்குக் கீழே படித்தவர்கள் எழுதிய கருத்துகள் இருந்தன. 'இந்த ரெண்டாவது எப்ப சாவா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பேய் இவளைச் சும்மா விடக் கூடாது' என்று இன்னொருவர். பாறையிலிருந்து தள்ளிவிடச் சொல்லி நிறையப் பேர். எல்லாரும் என் ஊர்ப் பக்கத்துப் பெண்கள்போலத்தான் எழுதியிருந்தார்கள், இட்லிக்கு ஆட்டிக்கொண்டே படித்தேன் என்றெல்லாம். அன்று கடையில் இரண்டு பேருக்குத் தப்பாகப் பில் போட்டேன்.

மறுநாள் கேட்டேன். "கதையோட உயிரே அங்கனதான் இருக்கு. எழுதும்போது தானா வந்திருச்சு" என்றாள். கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தேனி வந்ததும் அவளே கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவளை விட்டால் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

அதற்கடுத்த வாரத்து அத்தியாயம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அதனால்தான் அதைக் கணவருக்குப் படித்துக்காட்டத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பந்தலுக்கு அடியில் அவர் பழப்பெட்டிகளுக்குள் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். கண் ஆபரேசன் முடிந்து நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஏங்க, ஒரு கதை படிக்கட்டா? பேய்க் கதை."

"படி" என்றார், நிமிராமல்.

படித்தேன். மூடுபனிக்குள் முதலாளி தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு போகிறார். பின்சீட்டில் யாரும் இல்லை. வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல், 'டிரைவரே, கொஞ்சம் நிப்பாட்டுங்க. பூப் பறிக்கணும்' என்கிறது. அவர் நிறுத்துகிறார். கதவு தானாகத் திறந்து சாத்துகிறது. வெகுநேரம் கழித்து, பின்சீட்டில் ஈரப் பூக்கள் கிடக்கின்றன.

காகிதம் விரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"திரும்பப் படி" என்றார்.

திரும்பப் படித்தேன். அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இத யாரு எழுதுனது?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அது அவ சொன்னது." கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். "கல்யாணமான புதுசுல கூடலூர்ல இருந்து குமுளிக்கு ஜீப்புல போனோம், சொந்தக்காரங்களோட. நான் ஓட்டுறேன். எல்லாரும் இருக்காகன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி டிரைவரே நிப்பாட்டுங்கன்னா. பூப் பறிக்கணும்னா. அதுக்குப் பெறகு தனியா இருக்கப்ப என்னைய அப்படித்தான் கூப்பிடுவா. எங்க ஆத்தாவுக்குக்கூடத் தெரியாது."

அவர் வாயால் மூத்தவரைப் பற்றி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பேய் பிடித்தது போலத்தான் இருந்தது. நான் அறியாததை, ஆகவே அக்காவிடம் சொல்லியிருக்கவே முடியாததை, கதை சொல்கிறது. பந்தலுக்குள் காற்று அடித்து இலையெல்லாம் புரண்டது. கூடத்துப் படம் இருக்கும் திசையைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர்தான் யோசித்துச் சொன்னார். "ஒரே ஒரு புள்ளகிட்ட சொல்லியிருப்பா. மதுரையில ஆஸ்டல்ல கூடப் படிச்ச புள்ள. போடிக்காரி. ரெண்டு பேரும் ஒன்னு விடாமப் பேசிக்குவாக."

போடி என்றதும் என் கை தானாகப் போனுக்குள் படத்தைத் தேடியது. சுருளியில் எடுத்தது. அக்காவும் நானும் ஈரத் தலையோடு நிற்கிறோம். அவரிடம் காட்டினேன். அவர் பேசுவதற்கு முன் மாமியார் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதான். கல்யாணத்துல அவ கூடவே நின்னுச்சு. எழவுக்கும் வந்து, இங்கன என் மடியில தலைய வச்சு அழுதுச்சு. இதை ஒனக்கு எப்படித் தெரியும் ஆத்தா?"

தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே அவர் நாவலை முதலிலிருந்து படித்துவிட்டார். மதியத் தூக்கத்தில் பெயர் சொல்வதை, பவுடர் வாசத்தை, குழாயடியை. மறுநாள் காலையில் தலைதுவட்டிக்கொண்டே, "நம்ம வீட்டுக்குள்ள நடந்ததப் பூராம் பஸ்ஸுல வச்சுப் பேசியிருக்க" என்றார்.

"வீட்டுல பேசுறதுக்கு யாரு இருந்தாக?" என்றேன்.

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

அன்று பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடிக்கவில்லை. சின்னமனூரில் ஏறியவள் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதியம் கடையில் சொல்லிவிட்டு அவள் கல்லூரிக்குப் போனேன். நூலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என் பக்கத்துல ஏன் வந்து உக்காந்தீக?"

அவள் ஒளிக்கவில்லை. "ஜிமிக்கியப் பாத்தேன். மதுரையில அவளும் நானும் போய் வாங்குனது. அவளுக்கு எது எடுப்பா இருக்கும்னு பாத்து எடுத்துக் குடுத்ததே நான்தான். அது வேற ஒரு காதுல தொங்குது. யாரு இவன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்தீகள்ல. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீ பேசியிருப்பியா?"

"அப்ப என்கிட்டப் பேசுனது பூராம் அவுகளுக்காகத்தான்."

"மொதல்ல அப்படித்தான். கோவத்தோடதான் வந்தேன். பெறகு ஒன்னைப் பிடிச்சுப் போச்சு. அது பொய் இல்லடி." அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அந்த வீட்டுல அவளப் பத்தி யாரும் வாய் தெறக்கிறது இல்லைன்னு நீதான சொன்ன. ஒரு மனுசி அப்படி ஒன்னுமில்லாமப் போயிரலாமா? எங்கயாவது அவ இருக்கணும்னு நெனச்சேன். அதான் எழுதுனேன்."

"அவுக இருக்கணும், சரி. நான் ஏன் சாகணும்னு எல்லாரும் எழுதுறாக?"

வகுப்பு முடிந்து மாணவிகள் கூட்டமாக எங்களைக் கடந்து போனார்கள். கூட்டம் போன பிறகு, "கதைய நிப்பாட்டிருங்க" என்றேன்.

"முடிக்கணும். பாதியில விட்டா அவ அப்படியே நிப்பா."

நான் எழுந்து வந்துவிட்டேன். நடந்து வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு வருடக் காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வேறொருத்தியைப் பற்றிய கேள்வியாக மாறிக்கொண்டே வந்தது. அவர் முகம் எப்படி இருந்தது, மாமியார் அந்தப் பெயரை எப்படிச் சொன்னார், பீரோவில் பச்சைப் புடவை இருக்கிறதா. என் கல்யாணத்துக்கு நான் என்ன புடவை கட்டினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

நாவல் தொடர்ந்து வந்தது. நான் அந்த ஆப்பை அழித்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை பம்பு செட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கணவர் தொட்டி மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. எட்டிப் பார்த்தேன். அந்த வாரத்து அத்தியாயம்.

அக்கா செய்ததைவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

"இன்னும் படிக்கிறீகளா?"

போனைக் கீழே வைத்தார். மறைக்க முயலவில்லை. "அவ சிரிக்கிறது இதுல அப்படியே இருக்கு. எனக்கு மறந்தே போச்சு, அது எப்படி இருக்கும்னு."

தூக்குவாளியைத் தொட்டிச் சுவரில் வைத்தேன். போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். ஆனால் போகவில்லை. "அதுல இருக்கிற அவுகள எனக்கு வேணாம். நீங்க சொல்லுங்க. எப்படி இருந்தாக, எப்படிச் செத்தாக, எல்லாம்" என்றேன்.

வெயில் ஏறும்வரை சொன்னார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னார். மூத்தவருக்கு வெண்டைக்காய் பிடிக்காது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு வாய்க்காலில் விழுந்தார். சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது தாமதமாகியிருந்தது. உயிர் போன நேரத்தில் இவர் ஆஸ்பத்திரியில் இல்லை. இங்கே லாரிக்குப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தார். பாறை இல்லை, பனி இல்லை, தள்ளிவிட்டவர் யாரும் இல்லை. தன்னால் உடன் இருக்க முடியவில்லை என்பதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மூத்தவர் மேல் எனக்குப் பயம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வீட்டில் அவர் பெயர் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. மாமியார் வெண்டைக்காய் நறுக்கும்போதெல்லாம் ஒருதரம் சொல்வார். கணவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நான் பஸ்ஸில் பேசியதை மறுபடி எடுக்கவும் இல்லை.

நாவல் முடிந்தது. முடிவை அவரிடம்தான் கேட்டேன்.

"அந்த ரெண்டாவது பொண்டாட்டி என்ன ஆனா?"

"வீட்டவிட்டுப் போயிருறா."

"எங்க?"

யோசித்துப் பார்த்தார். "அத எழுதல."

அக்கா இப்போது வேறு பஸ்ஸில் போகிறாள். நாவல் புத்தகமாக வரப் போகிறது என்று அந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போகிற ஒரு பெண் எங்கள் கடையில் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னாள். ஒருதரம் தேனி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே நின்றோம். அவள் கையைப் பாதி தூக்கினாள். நான் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டேன். மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்யவும் இல்லை.

போன வாரம் மாமியார் புதுக் கண் இருந்தும், கோழிக்குத் தவிடு வைக்கிறேன் என்று, நான் முகத்துக்குப் பூச வைத்திருந்த அரிசி மாவை அள்ளி வைத்துவிட்டார். கோழிகள் வெள்ளை மூக்கோடு தோட்டமெல்லாம் அலைந்தன. கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதை அக்காவிடம் எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். சின்னமனூரில் பஸ் நின்றது. பெரிய பையோடு ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த உடனே கண்ணை மூடித் தூங்கிப்போனார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.